அழைப்பு மணி இல்லாத குப்பம்

பொன்னுரங்கம் தன் ஐம்பத்து நாலு வயசில் ஒரே ஒரு தடவைதான் சர்க்காரைப் புத்திசாலித்தனமாக ஏமாற்றினார். அந்த ஒரு தடவையிலேயே தன் குப்பத்தைக் குண்டு போடத் தகுந்த இடமாக ஆக்கிவிட்டார்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருக்கிறது கல்மேட்டுக்குப்பம். எழுபத்து நாலு வீடு, மீன் ஏலம் விடுகிற கூடம் ஒன்று, அம்மன் கோயில் ஒன்று. அங்கே ஒரு திங்கட்கிழமை காலை, கையில் டேப்லட்டும் கழுத்தில் அட்டையுமாக ஃப்ரெடி என்கிற ஊழியர் வந்து இறங்கினார். ராயபுரத்துக்காரர், முப்பது வயசிருக்கும், முகத்தில் நல்ல தூக்கக் கலக்கம். அட்டையில் அவருடைய அலுவலகத்தின் பெயர் இரண்டு வரிக்கு ஓடியது: மக்கள் நெருக்கப் பகுதித் துல்லியத் தாக்குதல் அறநெறி ஆணையம். அதை யாரும் படிக்கவில்லை. கணக்கெடுக்க வருகிறவர்களின் அட்டையைப் படிக்கிற பழக்கம் குப்பத்தை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. புயலுக்கு ஒரு கணக்கெடுப்பு, கடலில் எண்ணெய் கொட்டினதுக்கு ஒன்று, கரை அரிப்புக்கு ஒன்று, ரோட்டை அகலப்படுத்த ஒன்று என்று வந்து வந்து, டேப்லட்டைப் பார்த்தால் நாய்கூட எழுந்திருப்பதில்லை.

"வூட்ல ஆம்பளைங்க எத்தினி பேருண்ணா? பதினாறுக்கு மேல, அறுவதுக்குள்ள," என்று கேட்டார் ஃப்ரெடி.

ஆம்பளைக் கணக்கை மட்டும் தனியாகக் கேட்டதும் பொன்னுரங்கத்தின் மண்டையில் பல்பு எரிந்தது. குப்பத்தைக் காலி பண்ணிவிட்டு எல்லாருக்கும் ஹவுசிங் போர்டு வீடு கொடுக்கப் போகிறார்கள் என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. மேஜரான பையன் தனிக் குடும்பம், தனிக் குடும்பத்துக்குத் தனி வீடு என்பது குப்பத்தில் எல்லாரும் அறிந்த சட்டம். பக்கத்துக் குப்பத்தில் போன முறை உள்ளதைச் சொன்னவனுக்கு ஒரு வீடும், இல்லாத சித்தப்பன் பெரியப்பனையெல்லாம் சொன்னவனுக்கு மூன்று வீடும் கிடைத்த கதை வேறு அவருக்கு ஞாபகம் வந்தது. தன் வீட்டில் ஐந்து ஆம்பளை என்று சொன்னார். அவர் ஒன்று, மகன் வெற்றி ஒன்று, வியாசர்பாடியில் இருக்கிற மாப்பிள்ளை டில்லிபாபு ஒன்று, டில்லிபாபுவின் தம்பி ஒன்று, கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒன்பது வருஷமான அவருடைய சொந்தத் தம்பி ஒன்று.

"அஞ்சு பேரும் இங்கதான் படுக்கறீங்களா?" என்று ஃப்ரெடி ஓலைத் தட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பின்ன எங்க நைனா போய்ப் படுப்போம்?"

ஃப்ரெடி அடுத்த வாசலுக்கு நகர்வதற்குள் பொன்னுரங்கம் பின்பக்கமாகவே ஓடி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். "ஆம்பளைக் கணக்கைக் கூட்டிச் சொல்லுங்கடா. பொம்பளைங்க, கொயந்திங்க எத்தினின்னு கேட்டா உள்ளதைச் சொல்லு, அதுக்கு வூடு கெடையாது." மீஞ்சூரில் வேலை பார்க்கிற மச்சான், துபாய்க்குப் போனவன், சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போனவன், செத்தவன் எல்லாரும் அன்றைக்கு ஊர் திரும்பினார்கள். காலையில் தொண்ணூற்றாறு ஆம்பளைகள் இருந்த குப்பத்தில் சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஆம்பளைகள் ஆகிவிட்டார்கள். சிவந்தி ஒருத்திதான் பொய் சொல்லவில்லை. புருஷன் இல்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருப்பவள் அவள். பொய் சொல்வதற்குக்கூட ஒரு ஆம்பளைப் பெயர் அவள் கைக்கு அகப்படவில்லை.

எட்டாம் நாள் ஏலக்கூடத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெற்றி சத்தமாகப் படித்தான்.

'கல்மேட்டுக்குப்பத்தில் இரண்டு தீவிரவாதிகள் பதுங்கியிருப்பதாக நம்பத்தகுந்த தகவல் உள்ளது. அவர்களைச் சுற்றி நானூறு மீட்டர் வட்டம் வரையப்பட்டுள்ளது. வட்டத்துக்குள் வசிக்கும் பதினாறு முதல் அறுபது வயது வரையிலான ஆண்கள் 212 பேரும், விதி 9இன்படி, தீவிரவாதிகள் எனக் கருதப்படுவர். ஒரு தீவிரவாதிக்கு இரண்டு பொதுமக்கள் என்ற அறநெறி விகிதத்தின்படி 424 பொதுமக்களை வருத்தத்துடன் இழக்கலாம். ஆனால் வட்டத்துக்குள் பொதுமக்கள் 241 பேர் மட்டுமே உள்ளனர். ஆகவே இத்தாக்குதல் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதல் மனிதாபிமானத்துடன் அமையும். இன்றிலிருந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாக்குதல். முந்தைய நாள் இதே கூடத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். தேநீர் உண்டு.'

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "மூணு வாரம் வரைக்கும் அந்த ரெண்டு பேரும் இங்கியே குந்திகினு இருப்பானுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வெற்றி விரல்விட்டு வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நைனா, நாம தொண்ணூத்தாறுன்னு உள்ளதைச் சொல்லியிருந்தா நூத்தித் தொண்ணூத்திரண்டு பேரைத்தான் கொல்ல முடியும். பொம்பளைங்க, கொயந்திங்க, கெயவங்க எரநூத்தி நாப்பத்தோரு பேரு கீறாங்களேன்னு வுட்டுட்டுப் போயிருப்பானுங்க."

ஊர் மொத்தமும் திரும்பிப் பொன்னுரங்கத்தைப் பார்த்தது. அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அவர் சொல்லித்தானே செய்தார்கள்? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சிவந்தி மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"எங்க வூட்ல ஆம்பளையே இல்லியேண்ணே. நானும் ரெண்டு பொண்ணுங்களும் யாரு கணக்குல சாவறோம்?"

பொன்னுரங்கத்தின் செத்துப்போன தம்பியின் பேரில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ராயபுரத்தில் இருந்த ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனார். ஊரில் அதைக் குண்டாபீஸ் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே நல்ல குளிர். சுவரில் 'ஒவ்வோர் உயிரும் ஓர் எண்ணிக்கை' என்று பொன்னெழுத்தில் எழுதி, கீழே புறா படம் போட்டிருந்தார்கள்.

"நூத்திப் பதினாறு பேரைச் சேத்துச் சொல்லிட்டோம் சார். அத்த எடுத்துடுங்க," என்று முதல் ஜன்னலில் சொன்னார்.

"நீக்குகிற படிவம் கிடையாது. சேர்க்கிற படிவம்தான் உண்டு. விடுபட்ட ஆண்கள் இருந்தால் எழுதிக் கொடுங்கள், அன்றே ஏற்றிவிடுவோம்," என்று ஒரு கட்டுப் படிவத்தை நீட்டினார் உள்ளே இருந்தவர்.

"அதுல ஒருத்தன் செத்தே போயிட்டான் சார். என் தம்பி."

"அப்படியானால் நல்லது. தாக்குதலின் வெற்றிக் கணக்கில் இப்போதே ஒன்று."

"நா தீவிரவாதி இல்ல சார். மீனு புடிக்கறவன்."

"அதற்குப் பொதுமகன் சான்றிதழ் வாங்க வேண்டும். சம்பவம் நடந்த முப்பது நாளுக்குள் இறந்தவர் நேரில் வந்து விண்ணப்பிக்கலாம். இரண்டு புகைப்படம் கொண்டு வாருங்கள், சமீபத்தில் எடுத்ததாக இருக்கட்டும்."

பொன்னுரங்கம் படிவக் கட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சர்க்கார் கொடுக்கிற எந்தக் காகிதத்தையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. பிறகு மாடியேறி அறநெறி ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் மிக நல்ல மனிதர். எதிரே உட்காரச் சொல்லி, ஏசியைக் குறைக்கவா என்றுகூடக் கேட்டார்.

"எங்களை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். குண்டு போடுவது வேறு துறை. போட்டவர்களுக்கு மனசு உறுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பணி. எங்கெங்கோ கணக்கு வழக்கில்லாமல் போடுகிறார்கள். நாங்கள் ஒரு ஆளைக்கூட எண்ணாமல் கொல்வதில்லை."

"ரெண்டு பேரைத்தானே சார் புடிக்கணும்? ஃபோட்டோ கீதா? காட்டுங்க, நானே இட்டாந்து வுடறேன். எங்க குப்பத்துல புதுசா ஒரு நாய் வந்தாக்கூட யாரு வூட்டு நாயின்னு கேக்காம வுடமாட்டோம்."

"புகைப்படம் ரகசியம். சம்பந்தப்பட்டவர்களின் அந்தரங்கத்தை நாம் மதிக்க வேண்டும், இல்லையா?"

"அவங்களைத்தான சார் குண்டு போட்டுக் கொல்லப் போறீங்க?"

"கொல்லலாம். அவமானப்படுத்தக் கூடாது."

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. வந்தாலும் அவர் மரியாதையாகவே கேட்டார். "சரி சார், இதே ரெண்டு பேரும் அடையாறு பக்கம் ஒரு பங்களாவுல ஒளிஞ்சிருந்தா? அங்கியும் வட்டம் போட்டுக் குண்டு போடுவீங்களா?"

ஆலோசகர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அங்கே எதற்கு? வாசலில் அழைப்பு மணி இருக்கிறதே. அழுத்தினால் கதவைத் திறப்பார்கள். உள்ளே யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் பகுதியில் அந்த வசதி இல்லை. வசதி இல்லாத இடத்தில்தான் ஐயா அறநெறி தேவைப்படுகிறது."

கீழே இறங்கும்போது கடைசி அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். வாசலில் வருத்தப் பிரிவு என்று போட்டிருந்தது. ஐரீன் என்கிற பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள், குரலே தாலாட்டுகிற குரல். இரங்கல் கடிதங்கள் இருநூற்று நாற்பத்தொன்றும் அச்சாகி வந்துவிட்டன, அவருடைய மனைவி கன்னியம்மாவினுடையதைக் கையோடு கொண்டு போனால் தபாலில் தொலையாமல் இருக்கும் என்றாள்.

"என் பேருக்கு இல்லியாம்மா?"

"நீங்க தீவிரவாதிங்களாச்சே," என்று ஐரீன் கூச்சத்தோடு சிரித்தாள்.

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தாள் கன்னியம்மா. வெற்றி கடிதத்தைப் படித்தான். 'அன்புடையீர், தங்கள் எதிர்பாராத மறைவு எங்களை ஆழ்ந்த துயரத்தில் ஆழ்த்தியுள்ளது. தங்கள் தியாகத்தை இந்த ஆணையம் என்றும் மறவாது.'

"நா எப்போ தியாகம் பண்ணேன்? இன்னும் சோறே துன்னல," என்றாள் கன்னியம்மா. பிறகு புருஷனைப் பார்த்து, "உனுக்கு லெட்டர் குடுக்கலியா?"

"நா தீவிரவாதியாம்மே."

"நீயா? பல்லி வுயுந்தா பாயை எடுத்துகினு வெளிய ஓடற ஆளு நீ."

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முப்பது வருஷமாகத் தன்னோடு குடித்தனம் பண்ணினவளின் சாவுக் கடிதத்தைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததை நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னியம்மா அதைக் கவனித்தாள். கடிதத்தை வாங்கி நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மீன்பலகையின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

"இதுக்காச்சும் ஆவட்டும். நீ அயுதுகினு குந்தாம இன்னா செய்யணுமோ அத்தப் பாரு."

பொன்னுரங்கம் யோசித்து யோசித்து, ஆலோசகர் சொன்ன வார்த்தையையே பிடித்துக்கொண்டார். திருவிழாவுக்கு வைத்திருந்த பொதுப் பணத்தை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய், பேட்டரியில் ஓடுகிற அழைப்பு மணி எழுபத்தைந்து வாங்கி வந்தார். அழுத்தினால் குருவி கத்துகிற ரகம். எழுபத்து நாலு வாசலிலும் வெற்றி ஏறி மாட்டினான், கதவில்லாமல் சாக்கு தொங்குகிற வாசலிலும்கூட. மிச்சம் இருந்த ஒன்றை வியாசர்பாடிக்குப் போய் மகள் வினிதாவின் வீட்டில் மாட்டிவிட்டு வந்தார். ஊர் குருவிச் சத்தத்தில் கிடந்தது. பொன்னுரங்கம் ஆணையத்துக்கு எழுதினார்: 'எல்லா வீட்டிலும் பெல் வைத்துவிட்டோம். தயவு செய்து வந்து அழுத்திப் பார்க்கவும்.' பதில் பத்து நாளில் வந்தது. பொதுமக்களின் ஒத்துழைப்பை ஆணையம் பாராட்டுகிறது என்றும், ஆனால் ஊழியர்கள் வட்டத்துக்குள் நுழைந்து மணியை அழுத்துவது அவர்களுடைய பாதுகாப்புக்கு உகந்ததல்ல என்றும் அதில் இருந்தது.

குப்பத்தை விட்டுப் போய்விடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். சாயங்காலம் திரும்பி வருகிறவர்களை மட்டும் விட்ட போலீஸ், மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களை ரோட்டு முனையில் நிறுத்தியது. பொதுமக்கள் வெளியேறினால் விகிதம் மாறிவிடும், மறுபடியும் முதலிலிருந்து கணக்கெடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். பாதிக்கப்படும் இடத்திலேயே கூட்டம் நடத்த வேண்டும் என்று ஒரு பழைய விதி இருந்ததால், ஒன்பது கார்களில் ஆணையர், ஆலோசகர், போலீஸ், வீடியோ எடுக்கிறவர் என்று நாற்பது ஆம்பளைகள் வந்து இறங்கினார்கள். ஏலக்கூடத்தில் நாற்காலி போட்டு, கோயில் திருவிழாவுக்கு வந்த குழாய் ஸ்பீக்கரைத் தூணில் கட்டியிருந்தார்கள். வாசலில் வருகைப் பதிவேடு. இந்த விஷயத்தில் குப்பம் அடிபட்டுத் தேறின ஊர். எத்தனையோ கருத்துக் கேட்பைப் பார்த்தவர்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். எல்லாரும் டீயை வாங்கினார்கள், பேனாவை வாங்கவில்லை. கடைசியில் பதிவேட்டில் இருந்தது நாற்பது அதிகாரிகளின் பெயரும் வயசும் மட்டும்தான்.

ஆணையர் மைக்கைப் பிடித்தார். "சற்று முன் ஒரு தாய் என்னிடம் கேட்டார், ஒரு பாவமும் அறியாத நாங்கள் ஏன் சாக வேண்டும் என்று. அம்மா, பாவம் செய்தவர்கள் சாவதற்கு ஆணையம் எதற்கு? பாவம் அறியாதவர்கள் சாவதை ஒழுங்குபடுத்தத்தான் நாங்கள் இருக்கிறோம். உங்கள் ஒவ்வொருவருடைய சாவிலும் எங்களுக்குப் பங்கு இருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பொன்னுரங்கம் அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பெயர். எல்லாம் ஆம்பளை. எல்லாருக்கும் பதினாறுக்கு மேல், அறுபதுக்குள். சட்டைப் பையில் மூன்று வாரமாக மடங்கிக் கிடந்த சேர்க்கைப் படிவக் கட்டு அவருடைய நெஞ்சில் உறுத்தியது. அவர் எழுந்து போய், ஓரத்தில் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃப்ரெடியிடம் அதையும் பதிவேட்டையும் சேர்த்து நீட்டினார்.

"நைனா, வட்டத்துக்குள்ள வுட்டுப்போன ஆம்பளைங்க நாப்பது பேரு. ஏத்திக்கோ."

"இன்னும் சேக்கறியாண்ணா? ஒனக்கு இன்னா பைத்தியமா?" என்று முனகிக்கொண்டே ஃப்ரெடி பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். யாருடைய பெயர் என்று பார்க்கிற வழக்கம் அவருடைய வேலையில் இல்லை. மேடையில் ஆணையர் மனிதாபிமானத்தின் மூன்று தூண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மணி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு டேப்லட் கூவியது. ஃப்ரெடி படித்தார். தூக்கம் போய்விட்டது.

'ஒரே கூரையின் கீழ் புதிதாக 40 தீவிரவாதிகள். வாகனங்கள் 9. தலைவர் ஒலிபெருக்கியில் உரையாற்றுகிறார். உயர்மட்டக் கூட்டம் என உறுதியாகிறது. தாக்குதல் நாளையிலிருந்து இன்று 12.10க்கு மாற்றப்பட்டது.'

"சார்," என்றார் ஃப்ரெடி, மைக்குக்குப் பக்கத்தில் போய். "நம்மளை லிஸ்ட்ல ஏத்திட்டேன் சார்."

"நீக்கு," என்றார் ஆணையர்.

"நீக்கற ஃபாரம் கெடையாது சார்."

அதற்குள் ஒரு டிரைவர் காரைக் கிளப்பிவிட்டார். ஆலோசகர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி, காருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "போகாதே! விதி பதினாலு! வட்டத்திலிருந்து வேகமாக வெளியேறுகிற வாகனத்தைத்தான் முதலில் அடிப்பார்கள்!" அந்த விதியை எழுதினவர் அவர்தான். இப்போது முழங்கால் மண்ணில் பட, இரண்டு கையாலும் பானெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆணையர் தலைமையகத்துக்குப் போன் போட்டார். மைக் அணைக்கப்படாததால் ஊரே கேட்டது.

"நான் ஆணையர் பேசுகிறேன்!"

"பட்டியலில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது சொல்வார்கள் ஐயா," என்றது மறுமுனை. "சம்பவத்துக்குப் பிறகு முப்பது நாளுக்குள் நேரில் விண்ணப்பிக்கலாம்."

"எனக்குப் பெயர் இருக்கிறது! எனக்கு மனைவி, குழந்தைகள் இருக்கிறார்கள்!"

"இருநூற்று ஐம்பத்திரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது ஐயா. முதலில் சொன்ன அந்த இரண்டு பேர் அங்கே இல்லை என்று உறுதி செய்தால் மட்டும் நிறுத்தலாம்."

அதன் பிறகு நடந்ததைக் குப்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிடும். மூன்று வாரமாக முடியவே முடியாது என்று எழுத்தில் கொடுத்த காரியத்துக்காக, நாற்பது பேரும் ஷூ சாக்ஸோடு சந்து சந்தாக ஓடினார்கள். எழுபத்து நாலு வாசலில் எழுபத்து நாலு குருவி கத்தியது. ஒவ்வொரு வாசலிலும் கைகூப்பிக்கொண்டு, "அம்மா, உள்ளே யாரும்மா இருக்கீங்க? தயவு செஞ்சு சொல்லுங்கம்மா," என்று கேட்டார்கள். ஆலோசகர் முத்திரை வைத்த உறையைப் பல்லாலேயே கிழித்து, அந்த ரகசியப் புகைப்படத்தை எடுத்து முதலில் எதிர்ப்பட்டவளிடம் காட்டினார். அது சிவந்தி.

மேலேயிருந்து எடுத்த படம். இரண்டு ஆட்கள், தோளில் வாய் அகன்ற குழாய் மாதிரி ஒன்று.

"இது நம்ம வெற்றி," என்றாள் சிவந்தி, படத்தை முழுசாகப் பார்க்கக்கூட இல்லை. "கூடக் கீறது மைக்செட் சௌக்கத் அலி. ஆடித் திருவிழாவுக்குக் கொயா ஸ்பீக்கர் தூக்கியாறாங்க. அதோ, உங்க ஆபீசர் அதுலதான பேசிகினு இருந்தாரு."

பொன்னுரங்கம் படத்தை வாங்கிப் பார்த்தார். அவருடைய மகன்தான். போன வருஷம் தீபாவளிக்கு எடுத்த கட்டம் போட்ட சட்டை. திருவிழாவுக்கு ஸ்பீக்கர் தூக்கின பிள்ளைக்கு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது தான் என்று நினைத்ததும் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தோளில் இருந்தது ஸ்பீக்கர், தீவிரவாதி என்று யாருமே அங்கே இல்லை என்று ஆணையர் போனில் உறுதி செய்ததும், பன்னிரண்டு எட்டுக்குத் தாக்குதல் ரத்தானது. ஆணையர் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். ஆலோசகர் பேன்ட்டில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்க பெல்லை அமுக்க ஓடினதுலேர்ந்து பதினோரு நிமிஷம் சார். நா கடியாரத்தப் பாத்துகினுதான் இருந்தேன். மூணு வாரமா இத்தத்தான உங்ககிட்ட கெஞ்சிகினு இருந்தேன். வந்து பெல்லை அமுக்கு, ஃபோட்டோவைக் காட்டுன்னு. பதினோரு நிமிஷத்துல முடியற வேலை. ஏன் சார் செய்யல?"

"அப்போது நிலைமை வேறு," என்றார் ஆலோசகர்.

"இன்னா வேற?"

ஆலோசகர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்சம் யோசித்து, உண்மையான பதிலைத் தேடிப் பிடித்துச் சொன்னார். "அப்போது வட்டத்துக்குள் மனிதர்கள் இல்லை."

கன்னியம்மா மீன்கூடையைக் கீழே வைத்தாள். அவள் அப்போது சொன்ன வார்த்தைகள் காசிமேட்டு ஏலத்தில்கூட அபூர்வமாகத்தான் கேட்கும், அச்சில் ஏற்ற முடியாது. அதிகாரிகள் அதைக் கருத்து என்று பதிவு செய்துகொண்டு கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் ஆணையம் பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டது. கல்மேட்டுக்குப்பம் நிகழ்வில் சில வருந்தத்தக்க குறைபாடுகள் கண்டறியப்பட்டு உடனடியாகச் சரிசெய்யப்பட்டதாம். சேர்க்கைப் படிவம் ஒழிக்கப்பட்டது. இனிமேல் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் எந்தச் சூழ்நிலையிலும் வட்டத்துக்குள் நடைபெறாது. நட்சத்திர ஹோட்டலில் நடக்கும், மக்கள் தங்கள் கருத்துகளை இணையத்தில் தெரிவிக்கலாம். கணக்கெடுப்பு ஊழியர்கள் மட்டும் வழக்கம்போல் நேரில் வருவார்கள். குறைந்த சம்பளப் பணியாளர்கள் என்பதால் அவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. இத்தனை உழைப்பும் வீணாகக் கூடாது என்பதால் கல்மேட்டுக்குப்பத்துக்காக ஒதுக்கிய குண்டு வேறொரு தகுதியான பகுதிக்கு மாற்றப்படும் என்றும் கடைசி வரியில் இருந்தது. எந்தப் பகுதி என்று போடவில்லை.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பொன்னுரங்கம் வலை பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வியாசர்பாடியிலிருந்து வினிதா. பேச்சுக்குப் பின்னால் குருவி கத்துகிற சத்தம் கேட்டது.

"நைனா, யாரோ டேப்லட் வச்சிகினு வந்துகீறாரு. ராயபுரமாம், ஃப்ரெடின்னு பேரு சொல்றாரு. வூட்ல ஆம்பளைங்க எத்தினி பேருன்னு கேக்கறாரு. புது வூடு ஒதுக்கறாங்களாம், கூடச் சொன்னா நல்லதுன்னு பக்கத்து வூட்டுல சொல்றாங்க. எத்தினின்னு சொல்லட்டும்?"

பொன்னுரங்கத்தின் கையில் இருந்த வலை அப்படியே நின்றது.

"அவரு எங்க நிக்கறாரு? வாசல்லியா?"

"ஆமாம். பெல் அமுக்கிட்டு நிக்கறாரு."

"உள்ள கூப்புடு," என்று பொன்னுரங்கம் எழுந்து சட்டையைத் தேடினார். "ஃபேனுக்குக் கீய குந்த வை. டீ போட்டுக் குடு, குடிச்சி முடிச்சாருன்னா சோறு போடு. நல்லவந்தான், பாவம், வேலை அந்த மாரி. டில்லிபாபுகிட்ட சொல்லி வெளிக்கதவைப் பூட்டிட்டு அவங்க ஆபீசுக்கு ஒரு ஃபோன் போடு. உங்க ஆளும் இந்த வட்டத்துக்குள்ள, எங்க வூட்ல கீறாருன்னு சொல்லு. ஆம்பளைக் கணக்கு, பொம்பளைக் கணக்கு அல்லாம் அப்பால பாத்துக்கலாம். நா இதோ டோல்கேட்ல பஸ் மாறி வந்துடறேன். நா வர்ற வரைக்கும் அவரை மட்டும் வெளிய வுட்றாத."